பட்டன் அழுத்தக் கற்றுக்கொடுத்தவர்

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. பெருந்தன்மை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பெயரை எழுதினால் வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் காட்டி, "நம்மளப் பத்தி எழுதியிருக்காங்க பாருங்க" என்று சந்தோஷப்பட்டுக்கொள்வார். அந்தச் சந்தோஷத்தைக்கூட அவருக்குக் கொடுக்க எனக்கு மனசில்லை.

பாலக்காட்டில் ஒரு மாடிக் கட்டடத்தில் இயங்கிய சின்ன மென்பொருள் கம்பெனியில் அவர் எங்கள் டீம் லீடர். நான் அவருக்குக் கீழே இணையப் பக்கங்கள் எழுதும் வேலையில் இருந்தேன். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னந்தோப்பு உள்ள குடும்பத்துக்காரர். நெற்றியில் திருநீறு, மடிப்புக் கலையாத சட்டை, வாயைத் திறந்தால் 'ங்க'. டீ கொண்டுவருகிறவரைக்கூட "வாங்க, வெச்சுட்டுப் போங்க" என்பார். என்னை "அம்மிணி" என்றுதான் கூப்பிடுவார். அவர் குரல் உயர்ந்து நான் ஒரு நாளும் கேட்டதில்லை. இவ்வளவு மரியாதையாகப் பேசிக்கொண்டே ஒருவரை மட்டம் தட்ட முடியும் என்று அவரிடம்தான் தெரிந்துகொண்டேன்.

அவருடைய குணம் இதுதான். எது பழுதானாலும் அதைச் சரிசெய்ய மாட்டார். பழுதோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது என்று நமக்குச் சொல்லிக்கொடுப்பார்.

எங்கள் ஆபீஸ் கண்ணாடிக் கதவு தரையில் இடித்துக்கொண்டு திறக்காது. ஒரு தச்சரைக் கூப்பிட்டால் அரை மணி நேர வேலை. அவர் கூப்பிட மாட்டார். புதிதாக யார் வேலைக்குச் சேர்ந்தாலும் முதல் நாள் அவரே எழுந்து வந்து, "இப்புடித் தூக்கி, லேசா இடுப்புல ஒரு இடி குடுத்துத் தள்ளோணுமுங்க" என்று செய்துகாட்டுவார். நாங்கள் எல்லோரும் இடுப்பால் இடித்து உள்ளே போகிறவர்களாக ஆனோம். கர்ப்பமாக இருந்த அக்கவுண்ட்ஸ் அக்கா யாராவது வரும்வரை வாசலிலேயே நிற்பார். அவரைப் பார்த்தும் நம்மவர் சிரித்தபடி, "பழகிருமுங்க" என்றார்.

அவர் காரின் இடது பக்கக் கதவும் இதே கதைதான். கைப்பிடியை முதலில் உள்பக்கமாக அழுத்தி, பிறகு மேலே தூக்கி, அப்புறம் இழுக்க வேண்டும். தெரியாமல் நேராக இழுத்துவிட்டால் முகம் வாடிவிடும். திட்டமாட்டார். "அம்மிணி, அவசரப்பட்டுட்டீங்க" என்பார். அதைக் கேட்டால் திட்டியிருக்கலாமே என்று இருக்கும்.

ஒரு பொங்கலை ஒட்டி எங்கள் எல்லோரையும் தோப்புக்கு அழைத்துப் போனார். வெட்ட வெட்ட இளநீர். அள்ளிக் கொடுப்பதில் குறை சொல்ல முடியாது, அது உண்மை. மோட்டார் ரூம் பக்கம் போனபோது, "அந்த சுவிச்சுல கை வெச்சுறாதீங்க, கொஞ்சம் ஷாக் அடிக்கும்" என்றார். பக்கத்தில் ஒரு காய்ந்த மட்டை கயிற்றில் கட்டித் தொங்கியது. சுவிட்சை அதால்தான் தட்ட வேண்டுமாம். தோப்பில் வேலை செய்யும் அண்ணன் ஒருவருடைய உள்ளங்கையில் வெள்ளையாக ஒரு தழும்பு இருந்தது. நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "புதுசுல கையாலயே போட்டுட்டாருங்க. இப்ப நல்லாப் பழகிட்டாரு" என்று அந்த அண்ணன் முதுகில் பாசமாகத் தட்டினார். அந்த அண்ணனும் சிரித்தார். அதற்கப்புறம் இளநீர் எனக்கு இறங்கவில்லை.

இதெல்லாம் அடுத்தவர் கதை. என் வீட்டுக்குள் அவர் கைவைத்த கதையைச் சொல்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் சாந்தன்பாறை. அப்பா போனபின் அம்மா தனியாக ஒரு துண்டு ஏலத்தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறாள். அங்கே சிறு விவசாயிகள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். வாரம் ஒரு நாள் உலர்ந்த ஏலக்காய் மூட்டைகளைச் சங்கத்துக்குக் கொண்டுவருவார்கள். வியாபாரிகள் போனிலேயே விலை கேட்பார்கள். கடைசி விலை நின்றதும், மூட்டைக்குச் சொந்தக்காரர் போனில் ஒரு பக்கம் திறக்கும். அதில் 'சம்மதம்', 'சம்மதமில்லை' என்று இரண்டு பட்டன். மேலே ஒரு பச்சைக்கோடு குறுகிக்கொண்டே வரும். கோடு முடிவதற்குள் 'சம்மதமில்லை' அழுத்தினால் மூட்டை திரும்பக் கிடைக்கும். எதையும் அழுத்தாவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அந்தப் பக்கத்தைச் செய்துகொடுத்தது எங்கள் கம்பெனி. வேலையைப் பிடித்துக் கொடுத்தது நான். எழுதியது அவர், தன் கையால். அந்தப் பச்சைக்கோடு வழுக்கிக்கொண்டு குறுகும் அழகை வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார்.

ஒரு வாரம் அம்மாவின் மூட்டைக்கு மோசமான விலை வந்தது. அம்மா 'சம்மதமில்லை' அழுத்தினாள். கோடு முடிந்தது. சம்மதம் என்று விழுந்துவிட்டது. நல்ல சரக்கு அடிமாட்டு விலைக்குப் போனது.

அம்மா சங்கத்துச் செக்ரட்டரியிடம் போய், "நான் அமுக்கத்தான செஞ்சேன்" என்று சொல்லியிருக்கிறாள். அவர் பதிவைப் பார்த்துவிட்டு, "ரெக்கார்டுல ஒண்ணும் விழலையேக்கா. மெஷின் பொய் சொல்லுமா?" என்றிருக்கிறார். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. பேச்சு வளர்ந்தது. வித்தபின் விலை பிடிக்காமல் பொய் சொல்கிறாள் என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். கடைசியில் கம்மிட்டி கூடி, தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று அம்மா ஒரு அபேக்ஷை, அதாவது மன்னிப்பு மனு, எழுதிக் கொடுக்கிறவரை சரக்குக் கொண்டுவரக் கூடாது என்று தீர்மானம் போட்டுவிட்டார்கள்.

அம்மா எனக்கு போன் செய்தாள். அழவில்லை. "ஏட்டி, விலை போனது போகட்டும். எம்புட்டு வருசமா இந்த ஊருல இருக்கேன். ஒருத்தரு சாமானத் தொட்டிருப்பனா? ஒரு பொய் சொல்லியிருப்பனா? பொய் சொன்னேன்னு நானே எழுதிக் கொடுக்கணுமாம்" என்றாள்.  அப்புறம் அவள் அந்த போனையே தொடவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் போனில்தான் என்னோடு பேசினாள்.

மறுநாளே ஆபீஸில் எங்கள் டீம் லீடரிடம் போனேன். முழுதும் கேட்டார். முகத்தில் அவ்வளவு அக்கறை. பிறகு சொன்னார்.

"அம்மா பாவமுங்க. அவங்களுக்கு அமுத்தத் தெரியலைங்க. வயசானவங்களுக்கு டச் போன் பழகறதுக்குக் கொஞ்சம் நாளாகும்."

"சார், அவங்க அழுத்தியிருக்காங்க. நம்ம பக்கத்துலதான் ஏதோ கோளாறு."

"நான் அமுத்துனா விழுகுதுங்களே" என்று சொல்லி, தன் போனை எடுத்து விரல் நுனியால் டக்கென்று தட்டினார். விழுந்தது. "பாத்தீங்களா அம்மிணி?"

என் அம்மாவைப் பொய்க்காரி என்று ஊரில் சொன்னார்கள். அவர் ஒன்றும் தெரியாதவள் என்றார். எது அதிகம் எரிந்தது என்று இன்றைக்குக் கேட்டாலும் இரண்டாவதைத்தான் சொல்வேன். அன்றே முடிவு செய்தேன், இந்த மனிதரை விடக் கூடாது என்று.

எங்கள் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இணையப் பக்கத்தை நாங்கள் துண்டு துண்டாக எழுதிச் சேர்ப்போம். விலை ஒரு துண்டு, பச்சைக்கோடு ஒரு துண்டு, பட்டன் ஒரு துண்டு. ஒரு துண்டில் ஏதாவது மாறினால் அதுவும் அதற்குள் இருப்பவையும் மறுபடி வரையப்படும். ரீரெண்டர் என்போம். கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும். தேவையில்லாமல் எது எது வரையப்படுகிறது என்று கண்டுபிடிக்க பிரவுசரில் ஒரு வசதி இருக்கிறது. அதைப் போட்டால், வரையப்படும் துண்டைச் சுற்றி ஒரு கட்டம் மின்னும்.

அவர் எழுதிய பக்கத்தில் அதைப் போட்டுப் பார்த்தேன். பக்கம் முழுக்கத் தீபாவளி. கோடு ஒரு மயிரிழை குறுகினால் போதும், விலை, மூட்டை எண், சங்கத்தின் பெயர், பட்டன் எல்லாம் சேர்ந்து மின்னின. வீட்டில் கடிகார முள் நகரும்போதெல்லாம் வீடு முழுவதற்கும் வெள்ளையடித்தால் எப்படி இருக்கும், அப்படி. கோட்டின் கணக்கைக் கோட்டுக்குள் வைக்காமல் பக்கத்தின் தலையில் வைத்திருந்தார்.

"சார், எல்லாம் ரீரெண்டர் ஆகுது."

"அது அப்புடித்தானுங்க மின்னும். அதப் போட்டுப் பாக்காதீங்க."

மறுபடி வரைவது மட்டும் அம்மாவின் அழுத்தலை விழுங்காது என்று எனக்கும் தெரியும். அதே பட்டனை எத்தனை முறை வரைந்தாலும் அது அதே பட்டன்தான். பட்டனுக்கு மெமோ என்கிற உறையைப் போட்டுப் பார்த்தேன். காரணமில்லாமல் வரைய விடாது அது. போட்டும் மின்னியது. கோட்டை மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். நானும் அவரைப் போல டக் டக்கென்று தட்டினேன். ஒவ்வொரு முறையும் விழுந்தது. எனக்கே பைத்தியம் பிடிக்கும் போலிருந்தது. இதற்கிடையில் ஊரில் கம்மிட்டி கேட்டுக்கொண்டே இருந்தது, எழுதித் தருகிறாளா இல்லையா என்று.

வார விடுமுறையில் ஊருக்குப் போனேன். அம்மா போனைத் தொட மறுத்தாள். "அந்தப் பேச்ச எடுக்காத" என்றாள். சரி என்று அவளோடு ரேஷன் கடைக்குப் போனேன். அங்கே விரல் வைத்தால்தான் அரிசி. வருஷக்கணக்காக ஏலக்காய் பறித்துப் பறித்து அம்மாவின் விரல்களில் ரேகை தேய்ந்துவிட்டது. எங்கள் பக்கம் எல்லாப் பெண்களுக்கும் அப்படித்தான். லேசாக வைத்தால் இயந்திரம் எடுக்காது. அம்மா கட்டைவிரலைச் சேலையில் துடைத்தாள், ஊதினாள், வைத்தாள், நன்றாக அழுத்தினாள், அழுத்தியபடியே நின்றாள். கடைக்காரர், "எடுக்காதீங்க, எடுக்காதீங்க, பிடிங்க" என்றார். பிடித்தாள். கீச்சென்று சத்தம் வந்த பிறகுதான் கையை எடுத்தாள். வரிசையில் நின்ற அத்தனை பேரும் அப்படியேதான் செய்தார்கள்.

எனக்கு அங்கேயே உறைத்தது. இவர்களுக்கு ஒரு இயந்திரத்தில் விரல் வைப்பது என்றால் இதுதான். தட்டுவது இல்லை. அழுத்தி, பிடித்து, பிறகு விடுவது.

வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தேன். பட்டனுக்குள் இரண்டு வரி எழுதினேன். பட்டன் புதிதாக உருவானால் 'பிறந்தேன்' என்று அச்சிட வேண்டும். நீக்கப்பட்டால் 'செத்தேன்' என்று அச்சிட வேண்டும். ஓட்டினேன். ஒரே பட்டன்தானே, ஒரு 'பிறந்தேன்' வந்து நிற்க வேண்டும். பிறந்தேன், செத்தேன், பிறந்தேன், செத்தேன், பிறந்தேன், செத்தேன் என்று திரை நிற்காமல் ஓடியது.

பட்டன் மறுபடி வரையப்படவில்லை. கொல்லப்பட்டு, அதே இடத்தில் அதே மாதிரி புதிதாக ஒன்று வைக்கப்பட்டது. ஒரு நொடிக்குள் பல முறை. பட்டன் எப்படி இருக்க வேண்டும் என்ற எழுத்தைத் தனியே வைக்காமல் பக்கத்தின் வயிற்றுக்குள்ளேயே எழுதியிருந்தார் மகானுபாவர். பக்கம் வரையப்படும் ஒவ்வொரு தடவையும் அது புத்தம்புதுப் பட்டன். உறை போட்டும் பிரயோசனமில்லாமல் போனது அதனால்தான், உறையும் சேர்ந்து புதிதாகிக்கொண்டிருந்தது. டக்கென்று தட்டுகிறவன் விரலை வைத்ததும் எடுத்ததும் ஒரே பட்டனில். என் அம்மா விரல் வைத்தது ஒரு பட்டனில், எடுத்தது வேறொரு பட்டனில். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் பிரவுசருக்கு அது அழுத்தல். இல்லையென்றால் ஒன்றுமே நடக்கவில்லை. பதிவிலும் ஒன்றும் இருக்காது. 'சம்மதம்' அழுத்துகிறவர்களுக்கு இது தெரியவே தெரியாது, அழுத்தல் விழாவிட்டாலும் சம்மதம்தானே.

அம்மா அழுத்தியிருக்கிறாள். நன்றாகவே அழுத்தியிருக்கிறாள். நன்றாக அழுத்தியதுதான் அவள் செய்த தப்பு.

திங்கட்கிழமை காலை, கதவை இடுப்பால் இடித்துத் திறந்துகொண்டு நேரே அவரிடம் போனேன். காட்டினேன். திருத்தமும் கையில் இருந்தது. பட்டனை வெளியே எடுத்து எழுதி, கோட்டின் கணக்கைக் கோட்டிடமே கொடுத்துவிட்டால் முடிந்தது. பத்து வரிகூட இல்லை. பொறுமையாகக் கேட்டார்.

"நல்லாக் கண்டுபுடிச்சிருக்கீங்க அம்மிணி" என்றார். "ஆனா சீசன் நேரமுங்க. ஓடிட்டிருக்கறதுல கை வெக்க வேண்டாம். நாம ஒண்ணு பண்ணுவோம். சாந்தன்பாறைக்கே போயி எல்லாத்துக்கும் ஒரு பயிற்சி குடுத்துப்போடுவோம். பட்டனை எப்புடி அமுத்தறதுன்னு."

"லேசாத் தட்டணும்னு சொல்லிக் கொடுப்பீங்களா சார்?"

"லேசாத் தட்டுனா வயசானவங்களுக்குச் சரியாப் படாதுங்க. நல்லா, நிதானமா அமுத்தச் சொல்லிக் குடுப்போம்."

நான் சொன்ன ஒரு வார்த்தைகூட அவர் காதில் ஏறவில்லை. தலையை ஆட்டியது முழுக்க மரியாதைக்கு. இன்னொரு முறை விளக்க வாயெடுத்தேன். மூடிக்கொண்டேன். போகட்டும், வந்து கற்றுக்கொடுக்கட்டும் என்று நினைத்தேன். அந்த நினைப்பு நாக்கில் வெல்லம் மாதிரி இருந்தது.

ஒரே ஒரு காரியம்தான் செய்தேன். "சார், சும்மா படத்தக் காட்டினா நம்பமாட்டாங்க. ஒரு மாதிரி மூட்டையப் போட்டு, நிஜமா விலை ஓடற பக்கத்துலயே செய்துகாட்டுங்க" என்றேன்.

"நல்ல யோசனைங்க" என்றார்.

உடுமலை, மறையூர் வழியாக அவர் காரிலேயே போனோம். இடது பக்கக் கதவைச் சரியாகத் திறந்தேன், பாராட்டினார். மூணாறு தாண்டி வளைவுகளில் எனக்குக் குமட்டியது. வண்டியின் வேகத்தைக் குறைக்கவில்லை. "தூரத்துல இருக்கற மலையைப் பாருங்க, வவுத்துல காத்து நிக்காம மூச்சு வுடுங்க, பழகிரும்" என்றார். தேவிகுளத்தில் நிறுத்தி, அவரே இறங்கிப்போய் எலுமிச்சம்பழம் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார். அந்தப் பழத்தை மோந்துகொண்டே அவரை எப்படி அவமானப்படுத்துவது என்று யோசித்தபடி வந்தேன். எனக்கு அதில் வெட்கமில்லை.

சங்கத்துக் கூடம் நிரம்பியிருந்தது. அன்று விற்பனை நாளும்கூட. முதலில் பயிற்சி, பிறகு விற்பனை. கதவோரம் மூட்டைகள். செக்ரட்டரியிடம் கெஞ்சிக் கூத்தாடி அம்மாவின் மூட்டையையும் ஒரு ஓரத்தில் வைக்கச் சொல்லியிருந்தேன். பயிற்சி முடிந்தபின் பார்க்கலாம் என்றார். அம்மா கடைசி வரிசையில், யார் முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றி இரண்டு நாற்காலி காலியாக இருந்தது.

அவர் போன் திரை சுவரில் பெரிதாகத் தெரியும்படி செய்திருந்தோம். கும்பிட்டுவிட்டு ஆரம்பித்தார். "பயப்படவே வேண்டாமுங்க. அவசரந்தான் கூடாது. விரலை வெச்சு, நல்லா அமுத்தி, ஒரு மூச்சு வுட்டு, அப்புறம் எடுக்கோணும். இப்பப் பாருங்க."

சுவரில் பச்சைக்கோடு வழுக்கிக்கொண்டு குறுகியது. அவர் 'சம்மதமில்லை' மேல் விரலை வைத்தார். அழுத்தினார். மூச்சு விட்டார். எடுத்தார். ஒன்றும் நடக்கவில்லை. கோடு முடிந்து 'சம்மதம்' என்று விழுந்தது.

"ஒரு நிமிசமுங்க" என்று இன்னொரு தடவை ஓட்டச் சொன்னார். இன்னும் நிதானமாக அழுத்தினார். சம்மதம்.

"சிக்னல் இல்லீங்க போல."

"சிக்னல் முழுசா நிக்குதே தம்பி" என்றார் முன்வரிசைப் பெரியவர் ஒருவர், சுவரைக் காட்டி.

மூன்றாம் முறையும் அதேதான். அப்போதுதான் நான் எதிர்பார்க்காதது நடந்தது. யாரும் சிரிக்கவில்லை. கூடம் முழுக்க அவருக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தது. "கட்டைவிரல வைங்க சார்" என்றாள் ஒரு அக்கா. "சட்டையில தொடைச்சிட்டு வைங்க" என்றாள் இன்னொருத்தி. "ஊதிட்டு வைங்க, ரேஷன் கடையில அப்படித்தான் விழும்." "இன்னும் பிடிங்க, எடுக்காதீங்க, எடுக்காதீங்க." எல்லோரும் உண்மையான கரிசனத்தோடுதான் சொன்னார்கள். அவரும் துடைத்தார், ஊதினார், பிடித்தார். மடிப்புக் கலையாத சட்டையின் முன்பக்கம் கசங்கி, அக்குள் நனைந்துவிட்டது.  ஆசை தீரப் பார்த்தேன். உடனே எழுந்துபோயிருக்கலாம். போகவில்லை. இன்னொரு தடவை அவர் ஊதட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

பிறகு லேப்டாப்பைச் சுவரில் இணைத்தேன். பிறந்தேன், செத்தேன் என்று ஓடியதைக் காட்டினேன். "நீங்க கை வச்ச பட்டன் வேற, கை எடுத்த பட்டன் வேற. அழுத்திப் பிடிக்கிற யாருக்கும் இது விழாது" என்றேன். கையிலிருந்த திருத்தத்தை அங்கேயே ஏற்றினேன். மறுபடி ஓட்டினேன். 'பிறந்தேன்' என்று ஒரு வரி வந்து நின்றது. "இப்ப அழுத்துங்க சார்." அழுத்தினார். 'சம்மதமில்லை, பதிவானது' என்று சுவரில் விழுந்தது.

செக்ரட்டரி கேட்டார், "இந்த ஏற்பாட்டை முதல்ல எழுதினது யாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள், "நாந்தானுங்க" என்றார் அவர். மறுத்துப் பேசியிருந்தால் என் கோபத்துக்கு இன்னும் நன்றாக இருந்திருக்கும். அதையும் எனக்குக் கொடுக்கவில்லை அந்த மனிதர். அம்மாவிடம் போய்க் கும்பிட்டு, "மனசுல வெச்சுக்காதீங்கம்மா. இனி அமுத்துனா விழுகுமுங்க" என்றார். 

செக்ரட்டரி எழுந்து, "மெஷின் கோளாறுன்னு தெளிஞ்சுபோச்சு. அக்கா அபேக்ஷையெல்லாம் தர வேண்டாம். சரக்கு இன்னைக்கே விற்பனைக்குக் கேறிக்கலாம்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். பெரிய காரியம் முடிந்த நிம்மதி. டீ வந்தது. நான் அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"சந்தோசமாம்மா?"

"மெசினுக்குல்லா மன்னிப்புக் கிடைச்சிருக்கு" என்றாள். "நான் சொன்னது நெசம்னு ஒருத்தரு சொன்னாகளா?"

நினைத்துப் பார்த்தேன். ஒருவரும் சொல்லவில்லை.

விற்பனை தொடங்கியது, ஒவ்வொரு மூட்டையின் முடிவும் சுவரில் தெரியும்படி வைத்தேன். அம்மாவின் மூட்டை வந்தது. சரக்கு அருமையானது, பச்சை மாறாமல் உலர்த்தியது. வியாபாரிகள் ஏற்றிக்கொண்டே போனார்கள். அன்றைய விலைகளிலேயே அதுதான் உச்சம். கூடத்தில் முணுமுணுப்பு எழுந்தது. பட்ட கஷ்டத்துக்குக் கடவுள் கொடுத்தார் என்று அந்தக் காலி நாற்காலியில் வந்து உட்கார்ந்த ஒருத்தி சொன்னாள். அவர் எங்கள் பின்னால் நின்றுகொண்டு, அவருக்கே கிடைத்த மாதிரி முகம் மலர்ந்து, "நல்ல வெலைங்கம்மா. சம்மதம் குடுத்துருங்க" என்றார்.

அம்மா என் கையிலிருந்து தன் போனை வாங்கினாள். கட்டைவிரலைச் சேலையில் துடைத்தாள். வைத்தாள். நன்றாக அழுத்தினாள். அழுத்தியபடியே தலையைத் தூக்கிக் கூடத்தில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். பிறகு விரலை எடுத்தாள்.

சுவரில் 'சம்மதமில்லை, பதிவானது' என்று விழுந்தது.

 செக்ரட்டரி பதறி எழுந்து வந்தார். "அக்கா, மாறி அமுக்கிட்டீங்க போல. பரவால்ல, திரும்ப ஓட்டச் சொல்லுதேன்."

"மாறல" என்றாள் அம்மா. "அன்னைக்கும் மாறல."

போனை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்து, தன் மூட்டை இருந்த இடத்துக்குப் போனாள். அதைத் தூக்க யாரும் முன்வரவில்லை. எங்கள் டீம் லீடர்தான் ஓடிவந்து மறுமுனையைப் பிடித்தார். மூட்டையைக் கொண்டுவந்த ஜீப் மேட்டில் நின்றது. பாதி ஏற்றத்திலேயே அவருக்கு மூச்சு வாங்கியது. நான் பின்னாலேயே, கையை வீசிக்கொண்டு நடந்துபோனேன்.